தட்டு விளிம்பில் ஆறு மில்லிமீட்டர்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் மேல் எனக்கு ஒரே ஒரு புகார்தான். சாயங்காலமானால் சாயாவைக்கூட முழுசாகக் குடிக்காமல் வெளி மைதானத்துக்கு ஓடிவிடுவார். காரணம், மூன்று பிளாஸ்டிக் தட்டுகள்.

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் இரண்டு மாதம் தங்கியிருந்தார். பந்துக்குப் பதிலாகத் தட்டை எறிந்து தூரத்துக் கூடையில் விழவைக்கும் ஆட்டமாம், டிஸ்க் கோல்ஃப். இங்கே கூடைக்கு எங்கே போவது? மைதானத்தின் எதிர்க்கோடியில் நின்ற தூங்குமூஞ்சி மரம்தான் கூடை. ஒருநாள் காலடியில் வந்து விழுந்த தட்டை என் வீட்டுக்காரர் திருப்பி எறிந்தார். அது வெள்ளைக்காரரின் தலையைத் தாண்டிப் போயிற்று. கிடங்கில் மிளகு மூட்டை தூக்கும் கை, சும்மாவா! ஊருக்குக் கிளம்பும்போது அவர் மூன்று தட்டுகளை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றும் வெள்ளை. தூரம் போவதற்கான தட்டுகள், 'டிரைவர்' என்று பெயர். மேலே நீல மையில் வேகத்தின் எண்: 12, 9, 7. எண் கூடக் கூட விளிம்பும் அகலம். தையல் டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். பன்னிரண்டுக்கு இருபத்திரண்டு மில்லிமீட்டர், ஏழுக்குப் பதினாறு. ஆறு மில்லிமீட்டருக்கா இத்தனை அலட்டல் என்று கேட்டேன்.

"வேகம் தட்டுல இல்லடி, கையில. அகல விளிம்பு கை வேகத்தக் கேக்கும். குடுத்தா பறக்கும். இல்லேன்னா இடப்பக்கம் சாஞ்சு பொத்துனு விழும். ஏழு பாவம், மெதுவா எறிஞ்சாலும் போகும். கொச்சுப் பிள்ளைங்க எறியறது."

அவருக்குப் பன்னிரண்டுதான். "பிடிச்சா கை நெறையுது" என்பார்.

ஒரு சாயங்காலம் சண்டை போடவே மைதானத்துக்குப் போனேன். அவர் எறிந்தார். தட்டு எழும்பி, மஞ்சள் வெயிலில் எங்கேயும் போக அவசரமில்லாததுபோல் மிதந்தது. கடல்காற்று அதைத் தாங்கிப் பிடித்தது. மரம் இலைகளை மூடித் தூங்கத் தொடங்கியிருந்தது. தட்டு இறங்கவே வேண்டாம் என்று நினைத்தேன். சண்டையை மறந்தே போனேன்.

அடுத்த மழைக்காலத்தில் மூட்டையோடு படியில் வழுக்கி விழுந்தார். வலது தோள். கட்டுப் பிரித்த பிறகு டாக்டர் தினமும் கையை வீசச் சொன்னார், இல்லையென்றால் தோள் இறுகிவிடும் என்றார். மைதானத்துக்குப் போனோம். பன்னிரண்டை எறிந்தார். பத்தடியில் சாய்ந்து விழுந்தது. மூன்று தடவையும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து தட்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. நான்தான் தலை வாரிவிட்டேன்.

"ஏழாம் நம்பர எறியுங்களேன்."

"உனக்கென்ன பிராந்தா, பைத்தியமா? நான் என்ன கொச்சுப் பிள்ளையா?"

வறட்டு கௌரவம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அந்தக் கை போனால் மனிதரே போய்விடுவார் என்று தோன்றிற்று.

நான் அப்போது பியூட்டி பார்லரில் வேலை பார்த்துவந்தேன். ஏழாம் எண் தட்டை ஒளித்து எடுத்துப்போனேன். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்ததும் எண் கரைந்து போயிற்று. நீல நகப்பூச்சால் அதே இடத்தில் 12 என்று எழுதினேன். அசல் பன்னிரண்டு பார்லர் அலமாரிக்குள் போயிற்று.

"ஒரே ஒரு தடவ. எனக்காக" என்று கெஞ்சி மைதானத்துக்கு இழுத்துப்போனேன். தட்டை வாங்கினார். கட்டைவிரலை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டினார். எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரொம்ப நாளாச்சு, கை மறந்துபோச்சு" என்றார். மெதுவாகத்தான் வீசினார். தட்டு எழும்பிற்று. சாயவில்லை. ஈரப் புல்லுக்கு மேலே மிதந்து மிதந்து, பாதி மைதானம் போய், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் மெல்ல இறங்கிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னேன்.

அப்புறம் தினமும் போனார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆண்களை ஏமாற்றுவது இத்தனை சுலபமா!

ஆறேழு மாதம் கழித்து ஒரு காலை, பார்லருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று அவரே தலை வாரிக்கொண்டிருந்தார், வலது கையால். திரும்பாமலே சொன்னார்.

"தட்டுல நம்பர் அழிஞ்சுபோச்சு. சாயங்காலம் வரும்போது அந்த நீலக் குப்பியக் கொண்டுவா."

"எப்போ தெரியும்?" என்றேன்.

"மொத நாளே. விரலுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ அத்தன அழகா எழுதியிருந்தே." சீப்பை வைத்துவிட்டுத் தட்டை என் கையில் கொடுத்தார். "இந்தத் தடவ பதிமூணுன்னு எழுது."

அன்று சாயங்காலம் எழுதினேன். மூன்று கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது.