கோமளா பார்த்து வாங்கின சிப்பு

கோமளாவுக்குக் கம்ப்யூட்டர் சிப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மலாக்காவில் மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பத்து பெரண்டாம் என்கிற ஊருக்கு ஃபேக்டரி பஸ் ஏற ஆரம்பித்துப் பதினொரு வருஷம். அன்றிலிருந்து ஒரே வேலைதான்: மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சிப்பின் கால்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பது. ஷிஃப்டுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. அத்தனை லட்சத்தைக் கையில் எடுத்தவள் அதில் ஒன்றாவது வேலை செய்து பார்த்திருக்கிறாளா என்றால், இல்லை. இது என்ன கொடுமை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தொண்ணூற்றெட்டில் பணத்தின் மதிப்பு விழுந்து நாடே சரிந்தது. முதலில் ஓவர்டைம் போயிற்று, பிறகு ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். வருஷக் கடைசியில் நோட்டீஸ் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். கண்ணால் பார்க்கிற வேலைக்கு இனி மெஷின் வரும். சோதனைப் பிரிவுக்கு ஒரே ஒரு டெக்னீஷியன் எடுப்பார்கள், ஆபரேட்டர்களும் பரீட்சைக்கு வரலாம், ஆனால் கம்ப்யூட்டரை ஓட்டுகிற யூனிக்ஸ் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வாரம் டைம். அது கிடைக்காவிட்டால் கோமளாவுக்கு மார்ச்சோடு வீடுதான்.

மற்ற ஆபரேட்டர்களில் பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். இவள் நேரே மலாக்கா டவுனுக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கினாள். அதன் அட்டையில் லினக்ஸ் சிடி ஒட்டியிருந்தது. யூனிக்ஸுக்குத் தம்பி முறை. யாருக்கும் தம்பிடி கட்ட வேண்டாம், உள்ளே பிரித்தும் பார்க்கலாம். பஸ்ஸிலேயே ரெண்டு தடவை படித்து முடித்தாள். உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை அவளுக்கு. சிடி கையில் இருக்கிறது, போட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டர்தான் இல்லை. கட்டிக்கொண்டிருந்த சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கம்ப்யூட்டர் கடைக்குப் போய் நின்றாள்.

"பெண்டியம் டூ சிப்பு எடுத்துக்குங்க லா அக்கா. இப்ப எல்லாரும் அதான்," என்றான் கடைக்காரன் திருச்செல்வம்.

"அதை எடுத்தா மானிட்டர் வாங்கக் காசு இருக்காது தம்பி. வெறும் பெட்டியப் பாத்துக்கிட்டா உக்காருவேன்?"

"அப்ப செலரான். முந்நூறு மெகாஹெர்ட்ஸ், விலையும் மலிவு."

"இந்த மாடல்ல கேஷ் மெமரி இருக்கா?"

திருச்செல்வம் இப்போதுதான் அவளை ஒழுங்காகப் பார்த்தான். அடிக்கடி வேண்டியதைப் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளும் அந்தச் சின்ன மெமரியைப் பற்றி அவன் கடையில் அதுவரை யாரும் கேட்டதில்லை. "இதுல இல்லக்கா," என்றான்.

"அந்தக் கே-சிக்ஸ்-டூவக் காட்டு."

அதுவும் முந்நூறுதான். விலை இன்னும் குறைவு. கேஷ் மெமரி மதர்போர்டிலேயே இருக்கிறது. மிச்சமாகிற காசில் மெமரியை முப்பத்திரண்டு மெகாபைட்டிலிருந்து அறுபத்து நான்காக்கலாம். லினக்ஸுக்கு மெமரிதான் சோறு என்பதைப் பத்திரிகையில் அவள் கோடு போட்டே வைத்திருந்தாள்.

"கேம் விளையாட இது பத்தாதுக்கா."

"நான் விளையாடவா வந்திருக்கேன்?"

புதன்கிழமை வந்தால் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டித் தருகிறேன் என்றான் அவன். புதன்கிழமையாம். மூன்று நாளை யார் தருவது? எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியோடு டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

திருப்புளி இரவல் வாங்க அடுத்த வீட்டு இருளாண்டி மாமாவிடம் போனவள் திரும்பி வந்தபோது வீடெல்லாம் சாம்பிராணி. அம்மா சுப்பம்மா சிப்பைத் தாம்பாளத்தில் வைத்துப் பூஜை போட்டு முடித்திருந்தாள். மோட்டார் வாங்கினாலும் மிக்ஸி வாங்கினாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் அந்த வீட்டில் எதையும் தொட்டதில்லை. வைத்ததுதான் வைத்தாள், அந்தக் கால்கள் பக்கமா வைக்க வேண்டும்?

"தங்கமா மின்னுற பக்கத்த விட்டுட்டு வேற எங்க வைக்கச் சொல்ற?" என்றாள் சுப்பம்மா.

கோமளா சிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கால்களுக்கு நடுவே சந்தனம் அப்பியிருந்தது. விரலை வைத்து அழுத்தியதில் ஓரத்தில் ஏழு கால்கள் சாய்ந்து கிடந்தன. கடையில் மாற்றித் தர மாட்டார்கள், இன்னொன்று வாங்க வழியில்லை. ஃபேக்டரியில் கால் வளைந்தால் சிவப்பு டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். இங்கே அடுத்தது ஏது?

"நான் கெடுத்துட்டனா ஆயி?" என்று மகளைக் கேட்டாள் சுப்பம்மா.

"நீ பேசாம டார்ச்சப் பிடிம்மா."

புண்ணுக்குப் போடுகிற ஸ்பிரிட்டில் புது டூத் பிரஷை நனைத்துச் சந்தனத்தைக் கரைத்து எடுத்தாள். பிறகு லெட் மாற்றிப் போடுகிற அமுக்கு பென்சில் ஒன்றின் லெட்டை உருவிவிட்டு, அதன் மூக்குக் குழாயை ஒவ்வொரு காலிலும் மாட்டி மெல்ல நிமிர்த்தினாள். அவசரப்பட்டால் ஒடிந்துவிடும், ஒடிந்தால் தீர்ந்தது. முந்நூற்றிருபத்தொரு கால்களையும் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை. மதர்போர்டின் சாக்கெட்டில் வைத்ததும் அழுத்தாமலே சிப்பு தானாக இறங்கி உட்கார்ந்தது.

மற்றதையும் பூட்டிச் சுவிட்சைப் போட்டாள். மானிட்டரில் மெமரி எண்ணிக்கை ஓடி அறுபத்து நான்கில் நின்றது. சிடியைப் போட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் தட்டினாள். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்குக் கறுப்புத் திரையில் உள்ளே வரச் சொல்லி 'லாகின்' என்று வந்து நின்றது. பதினொரு வருஷமாகக் கால்களை மட்டுமே பார்த்தவள், சிப்பு என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. சுப்பம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு ஷிஃப்ட் இல்லாத நேரமெல்லாம் அந்தத் திரை முன்னால்தான். ரெண்டு தடவை தப்பாக எதையோ அழித்துவிட்டு லினக்ஸை முதலிலிருந்து போட்டாள். மூன்றாம் தடவை எதை அழித்தோம் என்று அவளுக்கே தெரிந்தது. பரீட்சையில் எஞ்சினியர், எதைத் தட்டினாலும் நகராமல் தொங்கி நின்ற ஒரு மெஷினைக் காட்டி, என்ன செய்வாய் என்று கேட்டார். அவள் உட்கார்ந்து, மாட்டிக்கொண்ட புரோகிராமைத் தேடி நிறுத்தி, மெஷினை ஓடவிட்டுத்தான் எழுந்தாள். பதினாலு பேரில் அதை முடித்தது அவள் ஒருத்திதான். மற்றவர்களில் ஒன்பது பேர் டிப்ளோமா படித்தவர்கள்.

வேலை அவளுக்கே கிடைத்தது. ஆபீஸில் ஒரு விண்ணப்ப பாரம் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 'பயிற்சி பெற்ற கல்லூரி' என்ற கட்டத்தில் கோடு போட்டுவிடச் சொன்னாள் எழுத்து வேலை பார்க்கிற கிராணிப் பெண். கோமளா கோடு போடவில்லை. குண்டு குண்டாக எழுதினாள்: என் வீடு, மெர்லிமாவ்.