அறுபது கட்டி எடை

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் கையில் தூக்கினால் எடை சொல்லிவிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் வேலை. விரிப்பு மாற்றுவேன், ஆளைத் தூக்கிக் கிடத்துவேன். தேக்கா மார்க்கெட்டில் கீரை விற்கும் அக்கா ஒருத்தி குடல் ஆப்பரேஷனுக்கு வந்தாள். நிற்கவும் தெம்பில்லை. எங்கள் வார்டு நர்ஸ் தமிழ்ப் பெண், மிஸ்ஸி என்போம். "அவங்க எடை என்னன்னு கேட்டுட்டு வாங்கக்கா" என்றாள். கேட்டேன். அறுபது என்றாள் கீரைக்காரி. அப்படியே வந்து சொன்னேன்.

மறுநாள் காலை, ஆப்பரேஷனுக்கு முன் வயிற்றில் ஓர் ஊசி போட வேண்டும். படுத்தே கிடப்பவர்களுக்குக் காலில் ரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறிவிடும். அதைத் தடுக்கிற மருந்து. மெலிந்த உடம்புக்கு அது கூடிப்போனால் அறுத்த இடத்தில் ரத்தம் நிற்காது. அதனால் எங்கள் டாக்டர் எடையைப் பார்த்துத்தான் அளவு எழுதுவார்.

விரிப்பு மாற்ற அவளைத் தூக்கினேன்.

"அரிசி மூட்டை மாதிரி தூக்குறியே!"

"மூட்டைக்கு இருக்கற கனம் உனக்கேது?"

சொன்ன வாய் மூடவில்லை, எனக்கு உறைத்தது, அறுபது கிலோ இவ்வளவு லேசாக இருக்காது. "அறுபதுன்னு எதுல நிறுத்துன?"

"எங்க கடைத் தராசுலதான். அறுபது கட்டி."

ஊரெல்லாம் கிலோவுக்கு மாறியும் மார்க்கெட்டில் கட்டிதான் பேச்சு. கட்டி என்பது அறுநூறு கிராம். மிஸ்ஸியோ ஊசித் தட்டோடு வந்துவிட்டாள்.

"மிஸ்ஸி, போடாதீங்க. இவ அறுபது கிலோ இல்ல."

"நீங்க எப்பக்கா டாக்டரானீங்க? எடையை நீங்கதானே வந்து சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். தராசைக் கொண்டு வாங்க."

கைப்பிள்ளையை நிறுப்பதுபோல அவளை ஏந்திக்கொண்டு தராசில் ஏறினேன். தொண்ணூற்று நான்கு. அவளைக் கிடத்திவிட்டுத் தனியாக ஏறினேன். ஐம்பத்தெட்டு. மிஸ்ஸி கழித்துப் பார்த்தாள். முப்பத்தாறு. ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்ய ஓடினாள். அவர் அளவைக் குறைத்துச் சொன்னார்.

ஆப்பரேஷன் முடிந்து பத்தாம் நாள் கீரைக்காரி வீட்டுக்குப் போனாள். "உடம்புல கொஞ்சம் சதை போட்டுட்டு வா லா, அடுத்த தடவை தூக்க எனக்கும் வேலை வேணும்" என்றேன். "உன் கையில இனி வரவே மாட்டேன்" என்று சிரித்தாள்.

கிலோவா கட்டியா என்று கேட்காதது என் தப்பு. அதைக் கண்டுபிடித்ததும் நான்தான். தப்பு செய்தது, கண்டுபிடித்தது இரண்டையும் இதில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து அந்த மிஸ்ஸி எந்த எடையையும் எழுதியதும் எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டுவாள்.

நான் சொல்லச் சொல்ல எழுதுற நீயும் அப்படிப் படிச்சுக் காட்டு, கண்ணு. முப்பத்தாறுக்குப் பக்கத்துல கிலோன்னு போட்டியா? முதல்லேர்ந்து படி, கேக்குறேன்.