அன்னப்பூரணிக்குக் கொடுக்காத குளிசை

இடியப்பத் தட்டுகளை அடுப்பில் ஏற்றியதும் புஸ்பம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள். பக்கத்து வளவுக்காரியின் அடுப்பில் தனக்கு முன்பே புகை எழும்பியிருந்தால் அன்று முழுக்க முகம் கடுகடுப்புதான். "அவளுக்கு மட்டும் காய்ஞ்ச விறகு எங்க கிடைக்குது?" என்பாள். கல்லடியில் அவளுடைய இடியப்பத்துக்கு நிகரில்லை. ஆனாலும் சந்தைக்குப் போனால், தன் கூடை நிரம்பிய பிறகும் கண் அடுத்தவள் கூடைக்குள்தான் போகும்.

நோயிலும் அப்படித்தான். மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, கொழும்பில் வெட்டியெடுத்து, கதிர்ச் சிகிச்சை என்ற கரண்டும் பிடித்தாயிற்று. அதே வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் உன்னிச்சையிலிருந்து வந்த வயற்காரி அன்னப்பூரணி. இருவருக்கும் ஒரே மாதிரி வெட்டு. ஆனால் முடிவில் டொக்டர் புஸ்பத்துக்கு மட்டும் குளிசை எழுதினார். நாளுக்கொன்று, ஐந்து வருடம்.

"போட்டா இந்த வருத்தம் திரும்பி வாறது குறையும். உடம்பு தகிக்கலாம், வேற கரைச்சலும் வரலாம். யோசிச்சு முடிவெடுங்க."

புஸ்பம் யோசித்ததெல்லாம் அன்னப்பூரணியைப் பற்றித்தான். "அவ சுகமாகி வெறுங்கையோட வீட்ட போயிட்டா. நான் மட்டும் அஞ்சு வருசம் நோயாளி! அடுப்படியில வேகிறவளுக்கு உடம்புக்குள்ளயும் ஒரு அடுப்பா?" கணவன் சீனித்தம்பி, "போடு புஸ்பம், எனக்காகப் போடு" என்று மன்றாடிப் பார்த்தான். குளிசை அட்டைகள் பையைவிட்டு வெளியே வரவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில் போனார்கள். 2006ஆம் ஆண்டு, போர்க்காலம்; சோதனைச் சாவடிக்குச் சாவடி எல்லோரும் பையோடு இறங்க வேண்டும். ஓரிடத்தில் ஆமிக்காரன் புஸ்பத்தின் பையை மேசையில் கொட்டினான். குளிசை அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டான். அவற்றில் ஒன்றுகூட உடைக்கப்படவில்லை என்பதை அன்னப்பூரணி கண்டுகொண்டாள்.

"என்ன புள்ள, நீ இன்னும் போடல்லியா?"

"உங்களுக்குத் தேவையில்லாதது எனக்கு மட்டும் என்னத்துக்கு அக்கா?"

கீழே விழுந்த சீப்பை எடுத்து மண் தட்டிக் கொடுத்தாள் அன்னப்பூரணி. "தேவையில்ல எண்டு ஆரு சொன்ன? என்ட கட்டிக்கு அந்தக் குளிசை கேக்காதாம். தந்தும் பிரயோசனமில்லயாம். திரும்பி வராமத் தடுக்க உனக்கொரு மருந்து இரிக்கு. எனக்கு ஒண்டுமில்ல. அண்டைக்கு உன்ட கையில அந்த அட்டையக் கண்டு எனக்கு வயிறு பத்தி எரிஞ்ச, தெரியுமா?"

தன்னைப் பார்த்தும் ஒருத்தி எரிவாள் என்று புஸ்பம் கனவிலும் நினைத்ததில்லை. ஒரு கணம் அது இனித்தது. பிறகு அன்னப்பூரணியின் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் இனிக்கவில்லை.

பஸ் புறப்பட்டது. அன்னப்பூரணி பக்கத்தில் இருந்தாள். புஸ்பம் ஜன்னல் பக்கமாக முழுதும் திரும்பிக்கொண்டு, பைக்குள் கைவிட்டு, சத்தம் வராமல் ஒரு குளிசையைப் பிதுக்கி எடுத்தாள். முகம் துடைப்பவள்போலச் சேலைத் தலைப்பால் வாயை மறைத்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள்.