முகத்துவாரத்தில் பார்த்த வெளிச்சம்

ஈரச் சாக்கின் வாசனையும் அதில் ஊறிய இறால் கவிச்சையும்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. பழவேற்காடு ஏரியில் நைனா படகைத் தள்ளும்போது நான் அந்தச் சாக்குக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். அம்மா இறந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, எனக்கு எட்டு வயதிருக்கும். என்னை வீட்டில் தனியாக விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் பெண்பிள்ளை கால்பட்ட படகை எங்கள் குப்பத்தில் ஒருவரும் பொறுக்கமாட்டார்கள் என்பதால், நான் அதில் போவது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

ஏரியில் எவர் எங்கே வலை கட்டுவது என்பதைக் குப்பத்து ஆண்கள் கூடிச் சீட்டுப்போட்டு முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் ‘பாடு’ என்று பெயர். கடல் ஏரிக்குள் நுழையும் முகத்துவாரத்துப் பாடு கிடைத்தவனுக்கு இறால் அள்ள அள்ள வரும். அதைக் காரணமில்லாமல் விட்டுவிட்டு வந்தவனுக்கோ அந்தப் பருவம் முழுக்க எந்தப் பாடும் கிடையாது.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பனிக்காலத்தில், அந்த முகத்துவாரத்துப் பாடு எங்களுக்கு வந்தது. விடியச் சற்று நேரம் இருந்தது. மற்ற படகுகள் மேற்கே பனிமூட்டத்துக்குள் கிடந்தன. நைனா வலை கட்டும் கழிகளை ஊன்றி முடிப்பதற்குள் வடக்கே ஏரியை ஒட்டிய தீவுக்கு மேலே ஒரு பொறி சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போயிற்று. அது போன வழியில் செம்மஞ்சளாக ஒரு புகை பிறந்து, நெளிந்து, அகன்று, எங்கள் தலைக்கு மேல்வரை பரவியது. நான் சாக்கை விலக்கி எழுந்து உட்கார்ந்துவிட்டேன், நைனா திட்டவில்லை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் அவசரமாக வலையைப் பிடுங்கிப் படகைத் திருப்பினார்.

மறுநாள் கூட்டம் கூடியது. வானத்தில் என்னவோ எரிந்தது, பயந்து வந்துவிட்டேன், இன்னொரு முறை கொடுங்கள் என்று நைனா கேட்டார். குப்பத்துத் தலைவர் நல்ல மனிதர்தான். பார்த்ததாக இன்னும் ஒருவர் சொன்னால் போதும் என்றார். வேறு எவரும் பார்க்கவில்லையோ, பார்த்தும் வாய் திறக்கவில்லையோ, எனக்கு இன்றுவரை தெரியாது. பெண்கள் நிற்கும் ஓரத்தில் நின்றிருந்த எனக்குச் சொல் தொண்டை வரை வந்துவிட்டது. நைனா என்னைப் பார்த்து, வேணாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார்.

“படகுல உங்கூட யாருனா இருந்தாங்களா?” என்று தலைவர் கேட்டார்.

“யாரும் இல்ல. நான் ஒண்டிதான் இருந்தேன்.”

என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால், அதற்குப் பிறகு குப்பத்தில் எவர் வலை காலியாக வந்தாலும் பழி என் தலையில்தான் விழுந்திருக்கும். ராத்திரி நன்றாகச் சாராயம் ஏற்றிக்கொண்டு போயிருப்பான் என்று கூட்டத்தில் சிரித்தார்கள். நைனாவுக்கு ‘லைட்டு’ என்று பெயர் வைத்தார்கள். பாடும் போயிற்று, கூட வலை இழுக்க ஆளும் வரவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புப் பட்டறையில் மூட்டை தூக்கப் போனார். ரயில்பாதை ஓரத்து ஒற்றை அறையில், ஒருவரையும் தெரியாத ஊரில், நாங்கள் எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு கிடந்தோம்.

அந்தத் தீவிலிருந்து ராக்கெட் விடுகிறார்கள், மேல்காற்றை அளக்க அதிலிருந்து நிறப்புகை விடுவதும் உண்டு என்று பட்டறையில் எவரோ சொன்னது சில வருடம் கழித்துத்தான். குப்பத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரலாமே என்றேன். “இப்ப போய் சொல்லிகினு இன்னா ஆவப்போவுது” என்றவர், பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். எனக்கு அழுகை வந்தது.

இப்போது ராக்கெட் கிளம்பும் நாளையும் நேரத்தையும் தொலைக்காட்சியில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். தெருவே மொட்டைமாடிக்கு ஏறி, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக் கத்துகிறது. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் நம்பவேண்டிய அவசியமே இல்லை. பயப்படவும் ஒருவரும் இல்லை. அன்றைய செம்மஞ்சள் புகையைப் பற்றி நான் சொன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், “நெஜமாவா ஆண்ட்டி?” என்று கேட்கிறார்கள். நைனா போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆமாம், நானும் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு இனிமேல் ஆள் இல்லை.