எடுத்துவிட்ட டிக்

கோபப்படுவதற்கு எனக்கு உடம்பு காணாது. ஆள் ஒல்லி, குரல் கீச்சு. சத்தம் போட்டால் எதிரில் நிற்பவர் "தொண்டை சரியில்லையா?" என்று கேட்பார். அதனால் பகிடி விட்டே காலம் தள்ளுகிறேன். ஆனால் கல்முனையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்த கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை.

மாமிக்குக் காய்ச்சல். டெங்குவாக இருக்கலாம் என்றார் டொக்டர். "ரத்தம் சோதிச்சு, நான் ஜும்மாத் தொழுகைக்குப் போறதுக்கு முந்தி ரிப்போட்ட கொண்டு வாங்க. அதப் பாத்துத்தான் ஆஸ்பத்திரி வாட்டுல போடுறதா இல்லையாண்டு சொல்லலாம்." பக்கத்துக் கட்டிடத்து லேப்பில் ரத்தம் கொடுத்துவிட்டு, மாமியையும் மனைவியையும் டொக்டரின் இடத்திலேயே இருத்தினேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து மாமி வீட்டுச் சோற்றைத்தான் தின்கிறேன். ஒரு ரிப்போட்டாவது வாங்கிக் கொடுக்க வேண்டாமா?

லேப்பில் கதிரை எல்லாம் ஆட்கள். கவுண்டரில் இருந்த பிள்ளை சொன்னாள்: "காக்கா, ரிப்போட் மேல ரெடி. கீழ வருதில்ல. நெட்வேர்க் இல்ல."

"மேலண்டா எங்க தங்கச்சி, கொழும்பிலயா?"

"மேல் மாடில."

"அப்ப ஏறிப் போய் எழுதிக்கொண்டு வாங்களன்."

"ஏலா காக்கா. பிரிண்ட் இல்லாமக் குடுத்தா மெனேஜர் ஏசுவாரு."

மெனேஜர் முதலாளியின் மச்சான். அத்தர் வாசத்தோடு வந்து, "கேபிள் பழுது. ஆள் பின்னேரம் வருவான்" என்றார்.

கட்டார் நாட்டில் நான் நெட்வேர்க் எஞ்சினியராக இருந்தேன் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் சீலிங்குக்கு மேலே எலி மாதிரி ஊர்ந்து கேபிள் இழுத்த ஆள். எலியாக இருந்தாலும் சிலது படிந்துவிடும். கவுண்டர் கொம்பியூட்டரின் பின்னால் பச்சை லைட் மினுங்கிக்கொண்டிருந்தது. கேபிள் நல்லாத்தான் இருந்தது.

"நான் ஒருக்காப் பாக்கட்டா?"

"வெளியாக்கள் தொடக்கூடாது."

அப்போதுதான் கத்தினேன். கீச்சு என்றாலும் பக்கத்துக் கட்டிடம் வரை போன முழுக் கீச்சு. "பக்கத்துல ஒரு மனிசிட உசிர் கிடக்கு! பின்னேரம் வாறவன் வந்து, மனிசி செத்த பொறகு மையத்துக்கா ரிப்போட் அடிக்கப் போறான்?"

கதிரையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "உடுங்க மெனேஜர், பாக்கட்டும். எண்ட மகள்ட ரிப்போட்டும் மேலதான் கிடக்கு." இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். மெனேஜர் விலகினார்.

நெட்வேர்க் செட்டிங்கைத் திறந்தேன். தேவையான சொப்ட்வெயார் எல்லாம் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் டிக். டி.சி.பி./ஐ.பி. என்ற வரியின் கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"இந்த டிக்க எடுத்தது ஆரு?"

பிள்ளை மெனேஜரைப் பார்த்தாள். அவர் பெருமையாகவே சொன்னார்: "நான்தான். இதுகள் கவுண்டர்ல இருந்து நாடகம் பாக்குதுகள். நேத்துப் பின்னேரம் இன்டர்நெட்ட நிப்பாட்டின."

"இஞ்ச பாருங்க. நெட்வேர்க் கார்ட்ட ஓட்டுற டிரைவர் இருக்கு. கேக்கிற சொப்ட்வெயார் இருக்கு, குடுக்கிறதும் இருக்கு. ரெண்டு கொம்பியூட்டரும் கதைக்கிற பாஷையத்தான் நீங்க புடுங்கி வெச்சிருக்கீங்க. கலியாணம் பேச வந்த ரெண்டு பக்கத்துட வாயையும் கட்டிப் போட்டுட்டு, சம்பந்தம் சரிவருதில்லண்டு சொன்னா எப்பிடி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நாடகம் பாக்கிறத எப்பிடி நிப்பாட்டுற?"

அதற்கு ஒழுங்கான வழி இருந்தது, எனக்குத் தெரிந்தும் இருந்தது. ஆனால் அந்த நேரம் வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தை வந்து ஜும்மாவுக்குப் போகும் தகுதியை இழந்திருப்பேன்.

டிக்கைப் போட்டேன். பிரிண்டர் ஒருமுறை முனகியது. பிறகு காலையிலிருந்து மேலே தேங்கிக் கிடந்த ரிப்போட் எல்லாம் கொட்டத் தொடங்கின. நான் பெயர் வாசித்து வாசித்துக் கொடுத்தேன். வாங்கியவர்கள் மெனேஜருக்கு "ஜஸாக்கல்லாஹ்" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் கூசாமல் தலையாட்டினார்.

மாமியின் தாள் வந்ததும் பாய்ந்தேன். டொக்டர் தொப்பி போட்டுக் காரில் ஏறப் போனார். தாளைக் கார்க் கதவில் வைத்துப் பார்த்தார். "பிளேட்லட் நல்லாக் குறைஞ்சிருக்கு. இத முந்தியே கொண்டு வந்திருக்கலாமே? உடன வாட்டுக்குக் கொண்டு போங்க."

ஒரு டிக்குக்காகப் பிந்தியது என்று எப்படிச் சொல்ல? "ஓம் டொக்டர்" என்றேன். மாமியை ஏற்ற ஓட்டோ கூப்பிட ஓடினேன்.

அல்லாஹ்வின் கிருபை, மாமி தப்பிவிட்டார். ஆனால் அன்று ஓட்டோவில் மனைவியின் தோளில் சாய்ந்து, கண்ணைத் திறக்காமல் மாமி கேட்டார்: "மருமகன், லேப்புல கத்தினது ஆரு?"

"நான்தான் மாமி."

"பொய். அது ஒரு பொம்புளட சத்தம்."