மீன்கொத்தி வீட்டு விலாசம்

கண்டக்டர் அத்தைக்கு மெதுவாகப் பேச வராது. பாதி ஆயுசு, ‘உள்ள போங்க, படியில நிக்காதீங்க’ என்று பஸ்ஸில் கத்தியே கழிந்துவிட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்து ‘உப்பு தீர்ந்துபோச்சு’ என்று அவள் சொன்னால் எதிர்வீட்டுக்காரி உப்போடு வந்து நிற்பாள். அப்படிப்பட்டவள் முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகு, சனிக்கிழமை தோறும் ஒரு பள்ளத்தின் ஓரத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் தெருவில் யார் நம்புவார்கள்? அவள் வீட்டுக்காரரே நம்பவில்லை.

பள்ளம் என்றால், பஸ் டிப்போவுக்கு அடுத்தாற்போல் செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம். சூளையை மூடியதும் மழைத்தண்ணீர் தேங்கியது. கோரை முளைத்தது, தவளை வந்தது, மீன் எப்படியோ வந்தது, மீனைத் தேடி மீன்கொத்தி வந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவோடு வேலியோரம் உட்காரும்போது அத்தை இதையெல்லாம் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்ட மறுநாளே சூளைக்காரர் முன்னால் போய் நின்று கேட் சாவியைக் கேட்டாள்.

“அந்தக் குழியில என்னம்மா இருக்கு?” என்றார் அவர்.

“ஒண்ணும் இல்லைன்னு நீங்களே நினைக்கிறீங்கல்ல, அப்புறம் சாவி எதுக்கு உங்களுக்கு?”

இந்த வாய்க்குப் பயந்தே அவர் கொடுத்திருக்க வேண்டும்.

தெருப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. உள்ளே வர டிக்கெட் உண்டு. கீழே உதிர்ந்த ஓர் இலை. அத்தை அதன் ஓரத்தைக் கிள்ளித் திருப்பிக் கொடுப்பாள். பறித்த இலை செல்லாது. தன் பழைய காக்கிச் சட்டைகளைப் பிரித்து நீளமாகத் தைத்து, இரண்டு கம்புக்கு நடுவே திரையாகக் கட்டியிருந்தாள். பாக்கெட் இருந்த இடங்களில் ஓட்டை போட்டிருந்தாள். ஓட்டைக்கு ஒரு பிள்ளை. எதிரே செங்குத்தான மண் கரையில், ஒரு முட்புதரின் மறைவில், மீன்கொத்தி அலகாலேயே குடைந்த பொந்து. அது மீனோடு பறந்து வந்து சட்டென்று உள்ளே நுழையும். வெளியே வந்ததும் தண்ணீரில் விழுந்து குளிக்கும்.

“ஏன் அத்தை உடனே குளிக்குது?”

“உள்ள பூரா மீன் முள்ளு, குஞ்சுங்க பீ. உன் ஸ்கூல் கக்கூஸை விட மோசம்.”

பிள்ளைகளுக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி வேறு இருக்க முடியாது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. எல்லோரும் வெளியே வந்து கேட்டைப் பூட்டிய பிறகுதான் அத்தை இடுப்பிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதுவாள். அன்றைய டிரிப் முடிந்தது.

ஒரே ஒரு சட்டம்தான். பொந்து எங்கே இருக்கிறது என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது. அம்மா அப்பாவிடம்கூட. அத்தைக்குப் பயம் எல்லாம் ஒரு பெண் பிள்ளையைப் பற்றித்தான். பெயர் ஏதோ உண்டு, ஆனால் அத்தை வைத்தது ரேடியோ. தூக்கத்திலும் ஓடும் வாய். அந்த வாயை அடைக்க முடியாமல் வாத்தியார் அவளை எல்லா பெஞ்சிலும் மாற்றி மாற்றி உட்காரவைத்துப் பார்த்து ஓய்ந்துவிட்டார். அந்த ரேடியோ காக்கித் திரைக்குப் பின்னால் மட்டும் மூச்சைக்கூட எண்ணி எண்ணி விட்டாள்.

அத்தையின் வீட்டுக்காரர் போட்டோக்காரர். கையில் ஆளுக்கொரு போன் வந்த பிறகு அவர் கடைக்கு யாரும் வருவதில்லை. காலையில் திறந்து, கேமராவைத் துடைத்து, சாயங்காலம் மூடுவார். அந்தத் துடைப்பைப் பார்க்கும்போதெல்லாம் அத்தைக்கு மனசு பிசையும்.

“ஒரே ஒரு படம். நம்ம வீட்டுச் சுவத்துல மாட்டறதுக்கு. வேற யாருக்குக் காட்டப்போறேன்?” என்று கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தெரியாமல் அழைத்துப்போனாள். அவர் மண்டி போட்டு, மீன்கொத்தி பறந்த நீல வெளிச்சத்தைப் பார்த்து, சின்னப் பையன் மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் விடவில்லை. கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை என்று அத்தை உள்ளுக்குள் பூரித்துப்போனாள். பைத்தியக்காரி.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கேட்டைத் திறந்தால், முட்புதர் அடியோடு வெட்டிக் கிடந்தது. பொந்து அம்மணமாக வெயிலில் நின்றது. சேறெல்லாம் ஷூ தடம். மூன்று மூன்றாகச் சின்னக் குழிகள். கேமரா ஸ்டாண்டின் கால் தடம் ஒரு போட்டோக்காரர் பெண்டாட்டிக்குத் தெரியாதா? தெரியும். ஊரில் கேமரா வைத்திருப்பவர்களுக்கா பஞ்சம் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்று முழுக்க மீன்கொத்தி வரவில்லை. பொந்துக்குள் ஓர் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்தன. எதற்குப் போகிறது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

“இவதான் சொல்லியிருப்பா” என்றது ஒரு குரல். எல்லாத் தலையும் ரேடியோ பக்கம் திரும்பியது.

“நான் சொல்லலை.”

“நீ சொல்லாம வேற யாரு?”

அத்தை குறுக்கே விழுந்து தடுத்திருக்க வேண்டும். அவளோ ரேடியோவின் தாடையை நிமிர்த்திப் பிடித்து, “உண்மையைச் சொல்லு. வாய் தவறிச் சொல்லிட்டியா?” என்று கேட்டாள். நாள் முழுக்க ஓடும் ரேடியோ அங்கேதான் நின்றது. அழக்கூட இல்லை, வீட்டுக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை வீட்டுக்காரருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது, கடைக் கண்ணாடிக்கு முன்னால் கூட்டம். ஆள் உயரப் படம். அலகில் மீனோடு மீன்கொத்தி ஒரு காய்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. அடடா, என்ன அழகு என்று அத்தையும் ஒரு கணம் நின்றாள். பிறகு கிளையைப் பார்த்தாள். அதன் கழுத்தில் சுற்றிலும் ஒரு கம்பித் தழும்பு. அவள் கையால் கட்டிய துணிக்கொடி வருஷக்கணக்காக அறுத்துப் போட்ட தழும்பு. அவர்கள் வீட்டுப் பால்கனியில் கொடிக்கம்பமாக நின்ற கிளை. ‘உளுத்துப்போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்’ என்று அவர் சொன்ன கிளை. பொந்துக்கு எதிரே கொண்டுபோய் நட்டிருக்கிறார்.

சாப்பாட்டை மேஜையில் வைத்தாள்.

“என் சாவியை எடுத்துட்டு யாரையெல்லாம் கூட்டிட்டுப் போனீங்க?”

“போட்டோ கிளப்பு ஆளுங்க நாலு பேருதான். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன்.”

“புதரை?”

“வெளிச்சம் விழலை. அதான் கொஞ்சம்…” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். “பத்து வருஷத்துக்கு அப்புறம் என் கடை வாசல்ல கூட்டம் நிக்குது. உனக்குச் சந்தோஷமா இல்லையா? ஒரு குருவிக்காக இப்படி மூஞ்சியைத் தூக்கறியே.”

“அது வாயில இருக்கிற மீன் யாருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? அந்தக் குஞ்சுங்களுக்கு. நீங்க வழியில நின்னதால அது உள்ள போகலை. நீங்க எடுத்தது அந்தப் படம்.”

அவர் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் படியிறங்கும்போது மட்டும், “பிள்ளைங்ககிட்ட என் பேரைச் சொல்லாத. யாரோன்னு சொல்லிடு” என்றார். என் ரகசியத்தைக் காப்பாற்றாதவர், தன் ரகசியத்தை மட்டும் என் மடியில் கட்டுகிறாரே என்று அத்தைக்குப் பற்றி எரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தன் கையை விடாமல் பிடித்திருந்த கை நினைவுக்கு வந்தது. அந்தக் கைக்கு வேண்டியிருந்தது வழி மட்டும்தான்.

சனிக்கிழமை பிள்ளைகள் இலையோடு வரிசையில் நின்றன. கடைசியில், நாலு ஆள் இடம் விட்டு, ரேடியோ. யாரும் அவளோடு பேசவில்லை. அத்தை எல்லா டிக்கெட்டையும் கிள்ளிக் கொடுத்து உள்ளே விட்டாள். பிள்ளைகள் பழக்கத்தில் பூனை நடை நடந்து திரைக்குப் பின்னால் போய்க் குந்தின. அத்தை திரைக்கு முன்னால், பொந்துக்கு முதுகைக் காட்டி நின்று, பஸ் குரலில் பேசினாள். அந்தக் கரை அந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

“ரேடியோ யார்கிட்டயும் சொல்லலை. இங்க ஆளைக் கூட்டிட்டு வந்தது என் வீட்டுக்காரர். அவருக்கு வழி காட்டுனது நான்.”

கோரைக்குள்ளிருந்து ஒரு தவளை தண்ணீரில் குதித்தது. காக்கித் துணியின் ஓட்டைகளில் கண்கள் மட்டும் தெரிந்தன. ரேடியோ எழுந்து திரையைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

“அன்னைக்கு என்னைக் கேட்டீங்களே அத்தை, அன்னைக்கே அவரையும் கேட்டீங்களா?”

அத்தை வாயைத் திறந்தாள். ஊருக்கே கேட்கும் அந்தத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

“கேக்கலை” என்றாள்.

ரேடியோ, ஓரம் கிள்ளிய தன் இலையை அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.

“நான் இங்கயே இறங்கிக்கறேன் அத்தை.”

யாரையோ எழுப்பிவிடப் போகிறோம் என்பது போல, கேட் வரைக்கும் அவள் சத்தமில்லாமல் நடந்து போனாள்.