நன்மை வாங்கிய ஞாயிறு

என் மனைவிக்குக் கன்னத்துக்குள் புற்று என்று தெரிந்ததும் மெட்ராசுக்குக் கப்பலேறினோம். போர்ட் பிளேரில் அக்கம்பக்கத்தாரிடம் பல் வைத்தியம் என்று சொல்லி வைத்தேன். நோயின் பெயர் தெரிந்தால் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள் என்ற பயம். புற்றைக் கருக்கக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து முடித்துத் திரும்பியபோது அவள் வாய் முழுக்கப் புண். எச்சில் ஊறுவதும் நின்றுபோயிருந்தது. கஞ்சித் தண்ணீரை ஆறவைத்துக் கரண்டி கரண்டியாக இறக்குவாள்.

வந்த முதல் ஞாயிறு மாதா கோவில் பூசையில் எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போனார்கள். ஆண்டவரின் உடல் என்று சாமியார் நாக்கில் வைக்கும் அந்தக் காய்ந்த அப்பத்துக்கு அவள் போகவில்லை. மறுநாள் படகுத்துறை ஜெட்டியில் என்னோடு படகு பழுதுபார்க்கும் தச்சர், எங்கள் ஊர்க்காரர்தான், ஆணி அடித்துக்கொண்டே கேட்டார்: "என்ன மாப்ள, வீட்டுல நன்மை வாங்கலியே? மெயின்லேண்டுல போயி ஏதும் கட்பட்டா, தப்புத்தண்டாவா?"

எனக்குச் சுருக்கென்றது. சாவான பாவம் செய்தவர்தான் நன்மை வாங்காமல் இருப்பார் என்பது எங்கள் சனத்தின் கணக்கு. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் பேச்சு அத்தோடு அடங்கியிருக்கும். கௌரவம் பார்க்கிற கழுதை நான், சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு கோவிலுக்குக் கிளம்பும்போதே சொன்னேன்: "இன்னைக்கு நீ போயி வாங்கணும்."

"அப்பம் புண்ணுல ஒட்டிக்கிடும். முழுங்க வராது." அதைச் சொல்வதற்குள்ளேயே அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஒரு நிமிசம் பல்லைக் கடிச்சிக்க. நாலு பேரு பாக்கணும்."

போனாள். அவள் சொன்னபடியே ஒட்டிக்கொண்டது. ஆண்டவரைக் கையால் தொடக்கூடாது என்பதால் விரல் விட்டு எடுக்கவும் முடியாது. பெண்கள் பக்கம் மண்டியிட்டு, முக்காட்டு நுனியை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்திருந்தாள். பூசை முடியும்வரை தோள் நடுங்கியது. நான் தச்சர் பார்க்கிறாரா என்று பார்த்தேன். பார்த்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை எழுதும்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

வெளியே சாமியார் நேராக எங்களிடம் வந்தார். அப்பம் வைக்கும்போதே புண்ணைக் கண்டிருக்கிறார். "இந்த வாயோட ஏம்மா வந்த? சொல்லியிருந்தா நானே வீட்டுக்கு வந்து, ஒரு துணுக்கைத் தண்ணியில போட்டுக் குடுத்திருப்பேனே. யாரு உன்னை வரச் சொன்னது?"

அவள் முக்காட்டு நுனியை வாயிலிருந்து எடுத்தாள். அதில் ரத்தம்.

"யாரும் சொல்லல சாமி. எனக்குத்தான் ஆசையா இருந்துச்சு. இவுக வேண்டாம்னுதான் சொன்னாக."

நன்மை வாங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, எனக்காகப் பொய் சொன்னாள். சாமியார் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.